வீட்டைத் தின்னும் வழக்கு

அத்தியாயம் 9

டாக்டர் குஹா செத்தபோது யாரும் சந்தேகப்படவில்லை. மழைக்காலம், வழுக்கும் மாடிப்படி, வயதான கால்கள். நிஸ்தாரிணி காணாமல் போன பிறகுதான் கல்கத்தாவின் ஷியாம்பஜாரில் அந்தப் படிக்கட்டைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்கள்.

மறைந்த துணி வியாபாரி பிபூதி பசாக் எழுதிய உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் டாக்டர். மற்றவர் அவர் வீட்டோடு இருந்த வயதான பிராமண விதவை நிஸ்தாரிணி.

பிபூதியின் வீட்டில், நிஸ்தாரிணியின் சமையலறை வாசலில் நின்றிருந்தாள் ஷெபாலி லாஹிரி. தீப்பிடித்த கிடங்குகளுக்குள் புகுந்து, தானாகப் பற்றியதா யாராவது பற்ற வைத்ததா என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். அவளுக்குப் பின்னால் குடையை உதறிக்கொண்டிருந்தவர் உதவியாளர் ஹரேன் கொலே. டிராம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயதில் சின்னவளானாலும் ஷெபாலியை அக்கா என்ற மரியாதையோடு தீதி என்றுதான் கூப்பிடுவார். டிக்கெட் எடுக்காதவனை முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்பது அவருடைய பெருமை.

மீன் சமைக்கும் பெரிய அடுப்படிக்கு எதிரே தனியாக இருந்தது அந்தச் சின்ன அறை. ஒரு மண் அடுப்பு, இரண்டு பித்தளைப் பாத்திரம், மூடி வைத்த கங்கை நீர்ச் செம்பு. ஆணியில் ஜபமாலைப் பை தொங்கியது.

"காசிக்குப் போயிருப்பாங்கன்னு போலீஸ் சொல்லுது," என்றாள் ஷெபாலி.

"மூக்குக் கண்ணாடியை மறந்துட்டுக் காசிக்குப் போகலாம் தீதி," என்றார் ஹரேன். "இந்தப் பையை மறந்தா ஹவுரா ஸ்டேஷன்ல இருந்தே திரும்பி வந்திருப்பாங்க. ரயிலைக் கூட்டிக்கிட்டு."

பிபூதியின் மருமகள் தருலதா சிரிக்கவில்லை. கணவனை இழந்தவள். கீழ்த்தளத்தில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்து வாழ்கிறாள். வீட்டையும் ஹாத்திபாகானில் இருந்த கடை வரிசையையும் மாமனார் அவள் பெயருக்கு எழுதி வைத்திருந்தார். எழுதி என்ன? உயிலைக் கோர்ட் ஏற்று முத்திரை வைத்துக் கொடுக்கும் புரொபேட் கைக்கு வரும்வரை ஒரு செங்கல்கூட அவளுடையதில்லை. மாமனாரின் தம்பி மகன் பன்ஷி ஆட்சேபம் போட்டுவிட்டான். அன்றைக்கு ஆரம்பித்த வழக்கு இன்னும் நடக்கிறது.

தருலதாவுக்கு வீட்டைவிட நிஸ்தாரிணி முக்கியமாக இருந்தாள். கணவன் செத்த வருஷம், விதவை தொடக்கூடாத மீனைத் தட்டில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, நான் பட்டது போதும், நீ தின்னு என்று மிரட்டிச் சாப்பிட வைத்தவள், சித்தி என்ற உறவோடு அவள் மாஷிமா என்று கூப்பிட்ட நிஸ்தாரிணிதான். இதைச் சொல்லிக்கொண்டே தருலதா ஜபமாலைப் பையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஏகாதசி. சோறு தொட மாட்டாங்க. எங்கே இருக்காங்களோ, யாரு என்ன குடுக்கிறாங்களோ."

ஷெபாலி சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தவள் படியில் செருப்புச் சத்தம் கேட்டு நிறுத்திக்கொண்டாள்.

வந்தவர் கிரிஜாபதி ஹால்தார். வக்கீல். வழக்கு முடியும்வரை சொத்தைப் பார்த்துக்கொள்ளக் கோர்ட் நியமித்த தற்காலிக நிர்வாகி. கடைகளில் வாடகை வசூலிப்பதும், காலி அறைகளைப் பூட்டி அரக்கு முத்திரை வைப்பதும் அவர் பொறுப்பு. தருலதாவை மருமகளே என்ற உரிமையோடு பௌமா என்றுதான் கூப்பிடுவார். ஷெபாலியை அமர்த்திக்கொள்ளச் சொன்னதும் அவரேதான்.

திங்கட்கிழமை விசாரணையில் என்ன ஆகும் என்று ஷெபாலி கேட்டாள்.

அவர் வருத்தத்தோடு விளக்கினார். சாட்சி வராவிட்டால் வழக்கு இன்னும் நீளும். இதுவரை ஆன செலவுக்கே கையில் இருப்புப் போதவில்லை. சொத்தின் மதிப்புக்கு ஏற்ற கோர்ட் கட்டணம், பத்திரிகை அறிவிப்புகள், இரண்டு தரப்பு வக்கீல்கள், அவர்களுக்கு மேல் சீனியர் வக்கீல்கள். தலைக்கு மேல் போய்விட்டது. எனவே வீட்டை விற்க அனுமதி கேட்டு மனுப் போட்டிருக்கிறார்.

"யாரு ஜெயிச்சாலும் செலவு சொத்துல இருந்துதானே வரும்?" என்றார் ஹரேன்.

"ஆமா."

"எங்க ஃபீஸ்?"

"அதுவும்தான்."

ஹரேன் தலைக்கு மேலே இருந்த உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். "அப்ப நாங்க காலையில குடிச்ச டீ, இந்த உத்தரத்துல ஒரு துண்டு."

ஹால்தார் மெல்லச் சிரித்தார். போகும்போது ஷெபாலியை ஓரமாக அழைத்து, பன்ஷியைப் பிடியுங்கள் என்றார். டாக்டர் விழுந்தது பழைய தபால் ஆபீஸ் தெருக் கட்டிடத்தில். அதன் மேல் மாடியில்தான் பன்ஷியின் வக்கீல் இருக்கிறார். யோசித்துப் பாருங்கள்.

*

சித்பூரில் நாடகக் கம்பெனிகளுக்கு உடுப்பு வாடகைக்கு விடும் கடை பன்ஷியுடையது. கிரீடங்களும் ஜடாமுடிகளும் கூரையிலிருந்து தொங்கின. மழையில் வியாபாரம் இல்லை. ராவணனின் உபரித் தலைகளுக்கு நடுவே, தெருவைப் பார்த்தபடி பன்ஷி உட்கார்ந்திருந்தான். ஒட்டிய கன்னம், தூங்காத கண்.

"பத்துத் தலையும் யோசிச்சா ஏதாவது தெரியுமா?" என்றார் ஹரேன்.

அவன் எரிந்து விழுவான் என்று எதிர்பார்த்தார்கள். அவன் எழுந்து வந்து, மாஷி கிடைத்தாளா என்றுதான் கேட்டான்.

இல்லை என்று ஷெபாலி தலையசைத்தாள். அவன் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே பேசினான். மாஷிக்கு ஏதாவது ஆனால் ஊர் தன்னைத்தான் சொல்லும், தெரியும். ஆனால் காணாமல் போன அன்றைக்கு மாஷி இந்தக் கடைக்குத்தான் வருவதாக இருந்தது. வந்து சேரவில்லை.

"எதிர்க்கட்சி சாட்சி உங்க கடைக்கு எதுக்கு வரணும்?"

பௌதியின் ஆட்களிடம் எதுவும் பேசாதே என்று சொல்லியிருக்கிறார்கள் என்றான். அண்ணன் மனைவியைப் பௌதி என்று சொல்லும்போது அவன் குரலில் பகை இல்லை. களைப்புத்தான் இருந்தது.

"யாரு சொன்னது?"

"என் நல்லதுக்குச் சொல்றவங்க."

வெளியே வந்ததும் ஹரேன் அந்தக் கடையைத் திரும்பிப் பார்த்தார். "முதுகு சுத்தமா இருக்கு தீதி. இவன் டிக்கெட் எடுத்தவன்."

"பயந்தவன் கதவைச் சாத்திக்குவான். இவன் திறந்து போட்டுட்டு வழியைப் பார்த்துக்கிட்டு இருக்கான்," என்றாள் ஷெபாலி. "எனக்கு வேற ஒண்ணு இடிக்குது. இந்தக் கடையில ஒரு தாடியை வாடகைக்கு எடுக்க ஆள் இல்ல. கோர்ட்டுல அவனுக்கு நிக்கிறது சீனியர் வக்கீல்."

"தாடி குடுத்து வெச்சிருப்பானோ?"

"யாரோ அவனுக்காகக் குடுக்கிறாங்க."

டிராம் தண்டவாளம் தண்ணீருக்கடியில் மறைந்திருந்தது. முழங்கால் அளவு நீரில் ஒரு கைரிக்ஷாதான் வர ஒப்புக்கொண்டது. பருமனான ஹரேன் ஏறியதும் இழுப்பவர் பின்னால் திரும்பிப் பார்த்து, ரெண்டு பேர்னுதானே சொன்னீங்க என்றார். ஹரேன் குடையை மடியில் வைத்து, முடிந்தவரை தன்னைக் குறுக்கிக்கொண்டார்.

ஷெபாலி பேச்சை ஆரம்பித்தாள். "மாஷிமாவைக் கடத்தினவன் கொல்லணும்னா அன்னிக்கே கொன்னு கங்கையில விட்டிருப்பான். ரெண்டாவது சாவுன்னா போலீஸ் முழிச்சுக்கும். திங்கட்கிழமை தாண்டுறவரைக்கும் எங்கேயோ வெச்சிருக்கான். அப்படின்னா இன்னிக்கு அவங்களுக்கு என்ன குடுப்பான்?"

"கடத்தினவன் பஞ்சாங்கம் பார்த்தா சோறு போடுவான்?"

"நம்ம ஊர்க்காரனா இருந்தா பார்ப்பான். திருடுவான், பொய் சொல்லுவான், ஆளைக்கூட அடைச்சு வைப்பான். பிராமண விதவை வாயில ஏகாதசியன்னிக்குச் சோத்தைத் திணிச்ச பாவம் மட்டும் அவனுக்கு வேண்டாம். அதைத் தன் அம்மாவைப் பார்த்துப் பார்த்து வளர்ந்திருப்பான்."

*

பழைய தபால் ஆபீஸ் தெருவில் மழையிலும் வக்கீல்கள் கறுப்புக் கோட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தண்ணீரைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் விழுந்த படிக்கட்டு குறுகலாக, நடுவில் தேய்ந்து, இருட்டாக இருந்தது. திருப்பத்தில் ஹரேன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். விளையாட்டுப் பேச்சு அவருக்கு அங்கே வரவில்லை.

முதல் மாடியில் ஹால்தாரின் அறை. அதற்கு மேலேதான் பன்ஷியின் வக்கீல். மேலே போவதற்கு முன் ஹால்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று ஷெபாலி கதவைத் தட்டினாள்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் முட்டை வலை போர்த்திய ஆட்டுக்கறிக் கட்லெட்டும் ஒரு குவியல் கடுகுச் சட்னியும் இருந்தன. எழுந்து மரியாதை செய்தார். பன்ஷி என்ன சொன்னான் என்று விசாரித்தார். அவன் வாய் திறக்கவில்லை என்று ஷெபாலி சொன்னபோது தலையை ஆட்டி, கட்லெட்டை இன்னொரு துண்டு வெட்டினார்.

அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பை இருந்தது. மழையில் நனைந்து உள்ளே ஒரு காகிதப் பொட்டலம் கிழிந்திருந்தது. ஹரேனின் கண் அதில் விழுந்தது. வெள்ளை ஜவ்வரிசி. ஒரு சீப்பு வாழைப்பழம். ஒரு தேங்காய். பொட்டலத்துக்கு வெளியே எட்டிப் பார்க்கும் இளஞ்சிவப்பு இந்துப்புக் கட்டி.

"உடம்பு சரியில்லையா சார்?" என்றார் ஹரேன்.

"வயிறு கொஞ்சம் சரியில்ல. டாக்டர் கஞ்சி குடிக்கச் சொல்லியிருக்கார்."

"கட்லெட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

ஹால்தார் கைக்குட்டையால் உதட்டை ஒற்றினார். சிரித்தார். கண்கள் சிரிப்பில் சேரவில்லை.

ஷெபாலி விடைபெற்றுக்கொண்டு வெளியே வந்தாள். மேல்மாடிக்குப் போகவில்லை. படியில் இறங்கி, தெருவுக்கு வந்து, மழையில் நனைவதுகூடத் தெரியாமல் நின்றாள்.

"கல்யாணம் ஆகாதவர்," என்றார் ஹரேன். "அம்மா போன வருஷம் தவறிட்டாங்க. அந்தத் திவசத்துக்கு நம்மளைக்கூடக் கூப்பிட்டார். வீட்டுல வேற பொம்பளை கிடையாது. பின்ன ஜவ்வரிசியும் இந்துப்புமா இந்த ஏகாதசிச் சாப்பாடு யாருக்கு தீதி?"

"ஆனா ஏன்னுதான் புரியல. தரு ஜெயிச்சாலும், பன்ஷி ஜெயிச்சாலும் இவருக்கு ஒரு பிடி மண்ணு கிடையாது."

"ஜெயிச்சாத்தானே?" என்றார் ஹரேன் சாதாரணமாக. "நான் டிராம்ல இருந்தப்ப, தடம் புரண்டா எனக்குக் கவலையே இல்ல. வண்டி நிக்கிற நேரத்துக்கும் சம்பளம் உண்டு."

ஷெபாலி அவரை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். வழக்கு நடக்கும்வரை வாடகையில் ஒரு பங்கு நிர்வாகிக்கு. வீடு விற்றால் விற்பனையிலும் ஒரு பங்கு. தீர்ப்பு வந்த அன்றைக்கு அத்தனையும் நின்றுவிடும். அந்தச் சொத்தில் உரிமை இல்லாத ஒரே ஆள்தான் அதைத் தின்றுகொண்டிருந்தான்.

"அவங்க எங்கேன்னு தெரிஞ்சுபோச்சு," என்றாள். "இந்த ஊர்ல போலீஸ்கூடத் தொடாத கதவு ஒண்ணுதான். கோர்ட் முத்திரை வெச்ச கதவு."

*

ஹாத்திபாகான் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. வரிசையாகப் பழைய துணிக் கிடங்குகள். எல்லாக் கதவிலும் அரக்கு முத்திரை. ஆடி மாதத்து ஈரத்தில் அந்த அரக்குகள் பூசணம் பிடித்து, சிலந்தி வலை மூடி, நிறம் போயிருந்தன. கடைசிக் கதவில் மட்டும் அரக்கு செக்கச் சிவப்பாகப் பளபளத்தது.

ஷெபாலி கதவில் காதை வைத்தாள். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஓர் இருமல்.

மருந்துக் கடையிலிருந்து ஹரேன் போன் செய்தார். முதலில் போலீஸுக்குச் சொன்னார். கோர்ட் பூட்டா, உத்தரவு வேணும், திங்கட்கிழமை வாங்க என்று பதில் வந்தது. அவர் அடுத்துக் கூப்பிட்டது இரண்டு பேரை. தருலதா நனைந்த புடவையோடு ஓடி வந்தாள். சந்தின் மறுமுனையிலிருந்து பன்ஷி வந்தான். ஒருவரையொருவர் பார்த்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள். வழக்கு ஆரம்பித்த பிறகு கோர்ட்டுக்கு வெளியே அவர்கள் சந்தித்தது அதுதான் முதல் தடவை.

உள்ளே மறுபடியும் இருமல் கேட்டது. இந்தத் தடவை ரொம்ப மெலிந்து.

"மாஷிமா," என்றாள் தருலதா. சுவரோரம் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்துவிட்டாள்.

ஷெபாலி அவள் கையைப் பிடித்தாள். ஒளிக்காமல் சொல்வது தன் கடமை என்று நினைத்தாள். முத்திரையை உடைப்பது கோர்ட்டை அவமதிப்பது. திங்கட்கிழமை எதிர்த்தரப்பு அதைச் சொன்னால் போதும், நீதிபதி தருலதாவை நம்பமாட்டார். வழக்கும் போகலாம், வீடும் போகலாம்.

"அந்த எதிர்த்தரப்பு இங்கதான் நிக்குது," என்றார் ஹரேன், பன்ஷியைப் பார்த்து.

மழை தகரக் கூரைகளில் அடித்தது. பன்ஷி தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பேசினான். போன வாரம் டாக்டர் கடைக்கு வந்தாராம். வீடு பௌதிக்கு, கடைகளில் பாதி உனக்கு, ரெண்டு பேரும் ஒத்துப்போங்கள், இல்லாவிட்டால் செங்கல்லே மிஞ்சாது என்றாராம். அவன் சரியென்று சொல்லிவிட்டான். அதை அவனுடைய வக்கீலிடம் சொல்ல டாக்டர் அந்தப் படியேறினார். அதற்கப்புறம் மாஷி வருவதாகச் சொல்லி அனுப்பினாள்.

"உங்க வக்கீல் ஃபீஸ் யாரு குடுக்கிறாங்க?" என்றாள் ஷெபாலி.

"ஹால்தார்பாபு. எங்க அப்பாவோட பழக்கம், யார்கிட்டயும் சொல்லாதே, விட்டுக்குடுக்காதேன்னார்."

தருலதா மெதுவாக அவனைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கிட்டயும் அதையேதான் சொன்னார். விட்டுக்குடுக்காதே பௌமான்னு."

பன்ஷி அவள் கையிலிருந்த கம்பியின் மறுமுனையைப் பிடித்தான். இருவரும் சேர்ந்து நெம்பினார்கள். அரக்கு பொடிந்து ஈரப் படியில் சிதறியது. பூட்டு இரண்டாவது நெம்பலில் வாயைப் பிளந்தது.

மக்கிய துணிவாடைக்கு நடுவே ஒரு பாய். நிஸ்தாரிணி சுருண்டு கிடந்தாள். மூச்சு இருந்தது. ஏதோ தூக்க மருந்தின் மயக்கம் கண்ணில் மிச்சமிருந்தது. பன்ஷி அவளைத் தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தான். தருலதா வாசற்படியில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். பன்ஷி கீழ்ப்படியில் உட்கார்ந்து, சில்லிட்ட பாதங்களைத் தேய்க்க ஆரம்பித்தான். ஹரேன் டாக்ஸி பிடிக்க ஓடினார்.

திரும்பி வந்தபோது அவருக்கு முன்னால் ஒரு கறுப்புக் குடை சந்துக்குள் நடந்துகொண்டிருந்தது. கையில் துணிப்பை.

ஹால்தார் உடைந்த அரக்கைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"கோர்ட் முத்திரையை உடைச்சது யாரு?" டீக்குச் சர்க்கரை வேண்டுமா என்று கேட்கிற குரல்.

"நான்," என்றாள் தருலதா.

"நான்," என்றான் பன்ஷி.

அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரே வாசலில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் கிழவியின் தலை, ஒருவன் கையில் அவள் கால். குடை மெல்லச் சாய்ந்து அவர் தோளில் மழை இறங்கியது.

"முத்திரை உடைஞ்சா அது இன்னொரு வழக்கு. அதுலயும் நீங்க சாப்பிடலாம்," என்றாள் ஷெபாலி. "இவங்க ஒத்துப்போயிட்டா?"

"திங்கட்கிழமை என் ஆட்சேபத்தை வாபஸ் வாங்குறேன்," என்றான் பன்ஷி.

ஹால்தார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நிஸ்தாரிணி கண்ணைத் திறந்தாள். குரல் காய்ந்து போயிருந்தது. எல்லாரும் குனிந்தார்கள்.

"டாக்டர்பாபு மேலே போய்ப் பேசிட்டு இறங்கினார். நான் கீழே படியடியில நின்னு மேலே பார்த்துக்கிட்டிருந்தேன். முதல் மாடிக் கதவு திறந்து வெளிச்சம் விழுந்தது. இவர் வெளியே வந்து அவர் தோளைத் தொட்டார்." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "அவருக்குக் கால் வழுக்கல தரு. நீ இவரை அவ்வளவு நம்பினே, நான் சொன்னா யார் நம்புவாங்கன்னு பயந்து கிடந்தேன். பன்ஷிகிட்டயாவது சொல்லலாம்னு கிளம்பினேன். தெருமுனையில இவர் காரை நிறுத்தி, வாங்க, நான் கொண்டு விடுறேன்னார். நான் பின்வாங்கறதுக்குள்ள கையைப் பிடிச்சு உள்ளே இழுத்துட்டார்."

சந்தின் வாயில் டாக்ஸி வந்து நின்றது. அதன் குறுக்கே ஹரேன் கையை அகல விரித்து நின்றார், ஏற இடமில்லை என்று சொல்கிற பழைய கண்டக்டரைப் போல. அவருக்குப் பின்னால் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக மழையில் வந்து கூடினார்கள்.

ஹால்தார் பையைக் கீழே வைத்தார். ஓட முயலவில்லை. வருஷக்கணக்கில் பழகிய அதே கனிந்த குரலில் தருலதாவிடம் கேட்டார்.

"பௌமா, உன்கிட்ட ஒரு வார்த்தை. தனியா."

தருலதா மாஷிமாவின் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இனிமே எது பேசறதுன்னாலும் ரெண்டு பேரும் இருக்கும்போது பேசுங்க," என்றாள்.